கல்லைத் தூக்கிய இடத்தில் நின்றுபோன படம்

இந்த நெடுந்தீவில் ஒரு பிழை நடந்தது. போன மாசி மாதம், இதே முற்றத்தில், இதே வேப்பமரத்தின் கீழே, அண்ணன் தம்பி இருவரின் கதையைப் படமாகக் காட்டினார்கள். தம்பி தன் அண்ணனின் தலைக்கு மேலே ஒரு கல்லைத் தூக்கினான். தூக்கிய இடத்தில் படத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் மறுபடி ஓட்டவில்லை. அந்தக் கல் இன்றுவரை கீழே இறங்கவில்லை.

பிழையைச் சொல்லிவிட்டேன். இனி வணக்கம் சொல்லலாம்.

நிறுத்தும்படி கையைக் காட்டிய தலைவர் தியாகலிங்கம் அவர்களே, அந்தக் கையைக் கண்டதும் கருவியை அணைத்த செயலாளர் ஜெகதீஸ் அவர்களே, நிறுத்தியபோது நெற்றியைச் சுருக்கிவிட்டு நித்திரைக்குப் போன பெரியோர்களே, பாதிப் படத்தைப் பிள்ளைகளின் கண்ணில் ஏற்றிக்கொண்டு வீடு சென்ற தாய்மார்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் முகாமையாளர் அவர்களே, கதிரை போதாமல் கல்வேலியில் ஏறியிருக்கும் இளைஞர்களே, கடைசி வரிசைக்கும் பின்னால் விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கும் வள்ளக்காரர் அன்ரனிதாஸ் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கை சறோஜினிதேவியே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று இந்தச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். அழைப்பிதழில் அழகான எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: ‘வேதாகமக் காலத் திரைப்படம் காட்டும் அன்பும் மன்னிப்பும்.’ எவ்வளவு அருமையான தலைப்பு. அன்பைப் பற்றிப் பேசு என்கிறார்கள், பேசுகிறேன். மன்னிப்பைப் பற்றிப் பேசு என்கிறார்கள். எந்த மன்னிப்பை ஐயா பேச? நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பால் அல்லவா அது இருந்தது?

என்ன தலைவர்? சுருக்கமாய்ப் பேச வேண்டுமோ? ஓம், பேசுவன். ஆனால் நீங்கள் படத்தைச் சுருக்கின மாதிரிச் சுருக்கமாட்டன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைப் படித்தது தெற்கே, மலையடிவாரத்துப் பட்டினமொன்றில், என் ஐயாவின் பலசரக்குக் கடையில். சாமான் பொதியச் சரை சுற்றுவதற்காகப் பழைய பத்திரிகைகளும் கிழிந்த புத்தகங்களும் மூட்டையாய் வரும். சுற்றுவதற்கு முன் வாசிப்பேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்துவிடும். சீனி கேட்பார்கள், பருப்புக் கேட்பார்கள். தாளைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்துவிட வேண்டும். கதையின் முடிவு சீனியோடு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். அரசன் காட்டுக்குப் போனான் என்று அறிவேன், திரும்பி வந்தானா என்று அறியேன். தாய் வாசலில் காத்திருந்தாள் என்று அறிவேன், மகன் வந்தானா என்று அறியேன். அரை வேக்காட்டுச் சோறு வயிற்றில் கிடப்பதுபோல அந்தப் பாதிக் கதைகள் என் நெஞ்சில் கிடந்து நெரிந்தன. இன்றும் கிடக்கின்றன. ஆகவே பாதிக் கதை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டினத்துத் தியேட்டரில்தான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தேன். அது பேசிய மொழி எனக்கு விளங்கவில்லை. முகங்கள் விளங்கின. வாழ்க்கையில் முடிவுவரை நான் அறிந்த முதற்கதை அதுதான். இப்போது அதைத் தமிழில் பேசவைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் இந்த நிலையத்தின் கதவைத் தட்டினேன். மாதக் கூட்டந்தோறும் தட்டினேன். ஜெகதீஸ் கேட்டார்:

“அண்ணை, விடியமுன்னம் திருநீறு பூசிற ஆள் நீங்கள். வேதக்காரற்றை படம் உங்களுக்கு என்னத்துக்கு?”

“அந்தப் படத்திலை ஒரு மனிசி வெய்யிலுக்குள்ளை நடக்கிறா தம்பி. வெய்யில் எந்தச் சமயம் எண்டு சொல்லும், பிறகு பதில் சொல்லுறன்” என்றேன்.

யார் அந்த மனிசி? கேளுங்கள். பார்த்தவர்கள் மறுபடி கேளுங்கள், பாராதவர்கள் புதிதாய்க் கேளுங்கள்.

கலிலேயா நாடு. ஒரு குயவர் வீடு. அண்ணன் ஆசேர், தம்பி நத்தான். உரோமப் படை தானியம் ஒளித்தவர்களைத் தேடி வருகிறது. ஒளித்தவன் அண்ணன். ‘யார் ஒளித்தது?’ என்று வாளை உருவிக் கேட்டபோது அவன் வாயில் வந்த பெயர் தம்பியின் பெயர். சேறு காயாத கையோடு தம்பியைச் சங்கிலியில் பூட்டுகிறார்கள். பாலைவழி. தலைக்கு மேலே நெருப்பு, காலுக்குக் கீழே நெருப்பு. கைதிகளுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது படைத்தலைவன் கட்டளை. தண்ணீர் கொடுத்தால் சவுக்கு, அப்பம் கொடுத்தால் சவுக்கு.

அந்த வழியால் உப்பு விற்கும் கிழவி ஒருத்தி வருகிறாள். மலையில் போதகர் ஒருவர் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். அந்தப் போதகரின் முகத்தைப் படம் காட்டவில்லை, தூரத்தில் ஒரு வெள்ளை அங்கி மாத்திரம் தெரிந்தது. கிழவி கைதியைப் பார்க்கிறாள், சவுக்கைப் பார்க்கிறாள், சூரியனைப் பார்க்கிறாள். என்ன செய்தாள்? எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. சூரியன் இருந்த பக்கமாய்ப் போய், அவனுக்கு அருகே நடந்தாள். தலையிலிருந்த உப்புக் கூடையின் நிழல் அவன் தலையில் விழுந்தது. அவன் வேகமாய் நடந்தால் அவளும் வேகமாய் நடந்தாள். அவன் தள்ளாடினால் அவளும் நின்றாள். நிழல் கொடுத்தால் சவுக்கு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? சேவகன் அவளைப் பார்த்தான், அவள் சேவகனைப் பார்த்தாள். அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுடைய ஊர் பின்னால் போய்விட்டது, அவள் திரும்பவில்லை.

அன்று இந்த முற்றத்தில் கச்சான் கடலை விற்ற பிள்ளைகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தது.

பிறகு கற்சுரங்கம். அங்கே பசி பொறுக்க ஏலாமல் நத்தான், பக்கத்தில் கிடந்த முதியவரின் அப்பத்தைத் திருடித் தின்கிறான். காவலன் வருகிறான். ‘யார் எடுத்தது?’ முதியவருக்குத் தெரியும். பையனின் தாடையில் துணுக்கு ஒட்டியிருக்கிறது. முதியவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிறார்: ‘நான்தான் தின்றேன். தின்றதை மறந்துபோனேன். வயது.’ காவலன் சிரிக்கிறான். நீங்களும் சிரித்தீர்கள் தாய்மாரே, நானும் சிரித்தேன். அந்த முதியவர் திரும்பிப் பையனைப் பார்த்தபோது நம் சிரிப்பு எங்கே போயிற்று?

காலம் போகிறது. நத்தான் விடுதலையாகி வருகிறான். கருணை இரண்டு தரம் அவன் கையைப் பிடித்திருக்கிறது, ஆனாலும் கையில் கல் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தூக்கி வந்த கல், அண்ணனுக்கென்று கொண்டுவந்த கல். குயவர் வீட்டின் கதவைத் தள்ளுகிறான். உள்ளே ஆசேர் இருக்கிறான், கண் இரண்டும் தெரியாமல், விளக்கில்லாமல், தரையில் இருக்கிறான். வந்தவன் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. நத்தான் கல்லைத் தூக்குகிறான்.

அப்போதுதான் தலைவர் கையைக் காட்டினார்.

ஏன்? சொல்லாமல் விடமாட்டேன். இந்தப் படம் காட்டும் கருவியை வாங்கித் தந்தவர் ரொறன்ரோவில் இருக்கும் நிமலன். நல்ல பிள்ளை. அன்று ஊருக்கு வந்திருந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாகத் திட்டம். படம் முடிந்தபின் போர்த்துவதாகத்தான் பேச்சு. திடீரென்று என் காதருகே, தலைவரைப் பார்த்து ஒரு குசுகுசுப்பு.

“நிப்பாட்டச் சொல்லுங்கோ. நிமலன்ரை மனிசி போனிலை நிக்கிறா.”

“நிக்கட்டுமன். கல்லை இப்பதானே தூக்கினவன்” என்றேன் நான்.

“இல்லையாம். அங்கை வேலையிலை ரீ பிரேக்காம். இதுக்குள்ளை போர்த்தினாத்தான் வீடியோவிலை பார்ப்பாவாம்.”

நிமலன் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். “எனக்கு அவசரமில்லை அண்ணை, படம் முடியட்டும்” என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அவசரம் அவருக்கல்ல, நமக்கு. கனடாவில் தேநீர் ஆறிவிடுமே என்று கலிலேயாவை நிறுத்தினோம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் சிரிச்சிருப்பன், பின்னாலை நடந்தது நடக்காமல் விட்டிருந்தால்.

பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இன்னொன்று போர்த்தினார்கள். பாராட்டிப் பேசினார்கள். பாராட்டியவரைப் பாராட்டிப் பேசினார்கள். திரையில் அந்தக் கல் அப்படியே நின்றது. பேசியவர்களின் நிழல் ஒவ்வொன்றாய்க் குருடனின் முகத்தில் விழுந்து விழுந்து எழும்பியது. பனி இறங்கியது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினீர்கள். பேசி முடிந்தபோது பார்ப்பதற்கு ஆளில்லை. திரையைச் சுருட்டினார்கள்.

அந்தத் திரையைக் கட்டக் கம்பம் நட்டவர் யார் தெரியுமா? அன்ரனிதாஸ்.

இனி நான் சொல்லப்போவது ஊருக்குத் தெரிந்த கதை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கையிடம் கேட்டுத்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கடலைக் கிளப்பும் சோளகக் காற்று எழும்பியிருந்த ஒரு பின்னேரம், சறோஜினியின் கணவர் அருளையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உடனே கடல் தாண்டி யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்று டொக்டர் சொன்னார். துறையில் அன்று நின்றது அன்ரனிதாசின் வள்ளம் ஒன்றுதான். சறோஜினி ஓடினாள். காலில் செருப்பில்லாமல் ஓடினாள். அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “ஏலாது” என்று ஒரு சொல் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். விடிந்தபோது அருளையா இல்லை.

கடல் அன்று எப்படி இருந்தது? போயிருக்கலாம் என்பவர் பாதி, போயிருந்தால் எல்லோரையும் கடல் கொண்டிருக்கும் என்பவர் பாதி. நான் கடலோடியல்ல, தீர்ப்புச் சொல்லமாட்டேன். என் தங்கையின் மனத்தில் கிடப்பது அந்தக் கடலல்ல. அந்தக் கதவு. “ஏலாது எண்டு சொல்லட்டும் அண்ணை. ஏனெண்டு சொல்லேல்லையே. கதவையெல்லோ சாத்தினது” என்பாள். செத்தவீட்டன்று அன்ரனிதாஸ் வந்தார். வாசற் படலையடியில் நின்றார். நம் வழக்கத்தில் செத்தவீட்டுக்கு அழைப்பில்லை, ஆனால் வந்தவனைப் பார்த்து ‘வா, இரு’ என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. பாடை எழும்பும் வரை நின்றுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இரண்டு வீடும் கோபம். எங்கள் ஊரில் கோபம் என்றால் கத்துவதல்ல, பிள்ளைகளே. எதிரே வந்தால் ஒழுங்கையின் மறுபக்கம் ஏறுவது. கடையில் நின்றால் வாங்காமல் திரும்புவது. பெயரைச் சொல்லாமல் ‘உவன்’ என்பது. அவருடைய வள்ளம் துறையில் சும்மா நிற்க, சறோஜினி அரசாங்கப் படகுக்காக வெயிலில் காத்திருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் உண்மையைப் பாதியில் நிறுத்தினால் நானும் தலைவரும் ஒன்றாகிவிடுவோம். அதற்குப் பிறகு எந்தச் சோளகத்திலும் அன்ரனிதாஸ் நோயாளிக்கு ‘ஏலாது’ என்று சொன்னதில்லை. கிருசாந்தி, எழும்பும் பிள்ளை, அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டும். பார்த்தீர்களா? இந்தக் குழந்தை பிறந்தது கடல் தாண்டிக் குறிகட்டுவான் கரையில். கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வள்ளம். அதனால் பழையது தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தீர்ந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, உங்களுக்கும் இல்லை. அது ஒருத்திக்குத்தான் உண்டு.

அந்த ஒருத்தியை நான் படத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள், முன்வரிசையில் இருந்தாள். அன்ரனிதாஸ் பின்னாலே, விளக்குக் கம்பத்தோடு நின்று பார்த்தார். உப்புக் கிழவி நடந்தபோது என் தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கல்லைத் தூக்கியபோது கதிரையின் கையைப் பிடித்தாள். படம் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்:

“அண்ணை, தம்பிக்காரன் அந்தக் கல்லைப் போட்டவனோ?”

“பார்த்து அறி.”

“படந்தான் நிப்பாட்டிப் போட்டினமே.”

“நான் விடமாட்டன். திரும்பப் போடப் பண்ணுவன்.”

“நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போவியள்?”

ஏன் நான் சொல்லவில்லை? நான் சொன்னால் அது தமையன் சொன்ன புத்தியாகிவிடும். அவள் பார்த்தால் அது அவளுடையது. ஆகவே மறுநாளே நிலையத்துக்கு வந்தேன். படத்தை மறுபடி காட்டுங்கள் என்று ஜெகதீசிடம் கேட்டேன். என்ன பதில் கிடைத்தது தெரியுமா சபையோரே?

“திரும்பப் போட்டால், போனமுறை நாங்கள் பிழை விட்டதெண்டு ஆகிப்போகுமெல்லோ அண்ணை.”

“பிழைதானே விட்டனீங்கள்?”

“சரி, மன்னிச்சு விடுங்கோவன். அந்தப் படமே மன்னிப்பைப் பற்றித்தானே.”

“அது உமக்கு எப்படித் தெரியும்? அதுக்கு முன்னமெல்லோ நிப்பாட்டினனீர்.”

ஜெகதீஸ் கீழே பார்த்தார். இப்போதும் கீழே பார்க்கிறார். தம்பி, எனக்கு உம்மிலே வன்மமில்லை. ஆனால் மன்னிப்பு என்ன, கேட்டதும் சுற்றிக் கொடுப்பதற்கு? நான் கடை நடத்தியவன், சீனியை அப்படிக் கொடுப்பேன். மன்னிப்பை அப்படிக் கொடுக்கமாட்டேன்.

நிறுத்திய படம் நின்றுவிட்டது என்றா நினைத்தீர்கள்? அது ஓடியது. ஒழுங்கை ஒழுங்கையாய் ஓடியது. பிள்ளைகளுக்குத் தெரிந்த கடைசிக் காட்சி எது? கல். கெட்டவனைக் கண்டால் கல்லைத் தூக்க வேண்டும் என்பதுதானே அவர்கள் கண்ட படம்? ஊருக்குள் யார் கெட்டவன் என்பதை அவர்களுக்கு நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம்? இந்தத் தீவில் கல்லுக்கா பஞ்சம்? நம் வேலியே கல். அன்ரனிதாஸ் துறைக்குப் போகும்போது பிள்ளைகள் வேலியிலிருந்து கல்லை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி நிற்பார்கள். எறியமாட்டார்கள், தூக்கி நிற்பார்கள். ‘விளையாட்டு’ என்று சிரித்தோம். ஒருநாள் ஒரு கை எறிந்துவிட்டது. புருவம் பிளந்தது. தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு, விளக்கடியில் நிற்கிறார், பாருங்கள்.

வைத்தியசாலையில் கேட்டார்கள், ‘யார் எறிந்தது?’ என்று. அவருக்குத் தெரியும், கண்டவர். என்ன சொன்னார்? “ஒருத்தரும் எறியேல்லை. வள்ளத்திலை வழுக்கினனான். வயது போட்டுதெல்லோ.”

தாய்மார்களே, இந்த வார்த்தையை நீங்கள் முன்பு எங்கே கேட்டீர்கள்? கற்சுரங்கத்தில் கேட்டீர்கள். அங்கே கேட்டபோது சிரித்தீர்கள், பிறகு கண்ணைத் துடைத்தீர்கள். இங்கே கேட்டபோது ஏன் ஒருவருக்கும் கண் கலங்கவில்லை? திரையில் வந்தால் கருணை, துறையில் வந்தால் கண்டுகொள்ளாமல் விடுவதா?

இப்போது அந்த வள்ளம் விலைக்கு நிற்கிறது. மண்டைதீவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விற்றுவிட்டு மன்னாரில் மகளிடம் போகப்போகிறாராம். போகட்டும் என்கிறீர்களா? அடுத்த சோளகத்தில் நெஞ்சைப் பிடிப்பவர் நீங்களாயிருந்தால்? அதை விடுங்கள். என் தங்கைக்கு அந்தக் கதவு என்றென்றும் சாத்தியபடியே இருந்துவிடும். அவர் போய்விட்டால் ‘ஏன்’ என்று கேட்க ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. சீனியோடு போன முடிவுகள் என் ஒருவனுக்குப் போதும். அவளுக்கு வேண்டாம்.

ஆகவே, சறோஜினி, கேள். நான் சொல்லமாட்டேன் என்று சொன்னதை இப்போது சொல்கிறேன். நாள் இல்லை, அதனால் சொல்கிறேன்.

கல்லைத் தூக்கிய நத்தான் நிற்கிறான். குருடன் தலையை நிமிர்த்துகிறான். ‘யார் அது? நடந்து களைத்த கால் சத்தம் கேட்கிறதே. இருங்கள்’ என்கிறான். தரையைத் தடவி ஒரு தட்டை முன்னே தள்ளுகிறான். அதிலே அப்பம் இருக்கிறது. ‘இது என் தம்பியின் தட்டு. தானியத்தை ஒளித்தவன் நான். அவன் பெயரைச் சொன்னவன் நான். உயிருக்குப் பயந்து சொன்னேன். பின்னேரந்தோறும் அவனுக்கு எடுத்து வைக்கிறேன், அவன் வரமாட்டான் என்று தெரியும். நீங்கள் பசியோடு வந்திருந்தால் சாப்பிடுங்கள்.’

கவனித்தீர்களா சபையோரே? அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிரே நிற்பது யார் என்றே அவனுக்குத் தெரியாது. செய்ததைத் தன் வாயால் சொன்னான். ஏன் செய்தேன் என்றும் சொன்னான். இதற்கு முன் அந்தக் கல் இறங்கவில்லை, இதற்குப் பிறகுதான் இறங்கியது. மன்னிப்புக்கு முன்னால் ஒரு வாசற்படி உண்டு. அந்தப் படியைத் தாண்டி உள்ளே பறந்து வர யாருக்கும் வழியில்லை, தலைவருக்கும் இல்லை, அன்ரனிதாசுக்கும் இல்லை.

நத்தான் கல்லை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் இருக்கிறான். அந்தத் தட்டிலிருந்து அப்பத்தைப் பிய்க்கிறான். குருடன் தண்ணீர்க் கலயத்தை நீட்டும்போது விரல்கள் படுகின்றன. மணிக்கட்டில் சங்கிலித் தழும்பு. குருடனின் கை அங்கேயே நின்றுவிடுகிறது. வெளியே காற்று எழும்புகிறது, கதவு அடிக்கப்போகிறது. நத்தான் எழும்பி அந்தக் கல்லை உருட்டிக் கதவுக்கு அண்டை கொடுக்கிறான். கதவு திறந்தபடி நிற்கிறது. கல் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதோடு படம் முடிகிறது.

இதுதான் நீங்கள் ஒரு பொன்னாடைக்காக மூடி வைத்தது.

என்னிடம் முடிவைக் கேட்டாயிற்று, இனிப் படம் எதற்கு என்று இந்த நிலையம் தப்பிக்கொள்ள நான் விடமாட்டேன். நான் சொன்னது வெறும் வாய்ச்சொல். கண்ணால் காண வேண்டும், எல்லோரும் ஒரே முற்றத்தில் இருந்து காண வேண்டும். ஆகவே செய்யவேண்டியதையும் செய்யவேண்டியவரையும் சொல்லி முடிக்கிறேன். பொறுத்திருந்து கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், மணியை அடிக்காமல் அடக்கி வைத்திருந்த தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம்.

தலைவர் தியாகலிங்கம் இந்த ஒலிவாங்கிக்கு வந்து, ‘படத்தை நிறுத்தினோம், அது பிழை’ என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லலாம், சாட்டுச் சொல்லக் கூடாது.

செயலாளர் ஜெகதீஸ் வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்தை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். போன் கூடாது, பொன்னாடை கூடாது, எவர் மனைவிக்கு எங்கே விடிந்தாலும் நிறுத்தக் கூடாது.

கல்லைத் தூக்கிய பிள்ளைகள் அன்ரனிதாசோடு சேர்ந்து திரைக்குக் கம்பம் நட வேண்டும். எறிந்த கை எது என்று யாரும் விசாரிக்கக் கூடாது. பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வேண்டும்.

அன்ரனிதாஸ், உமக்கும் உண்டு. மண்டைதீவு ஆட்களிடம் முற்பணத்துக்கு இப்போது கைநீட்டக் கூடாது. அதற்கு முன் சறோஜினியின் படலைக்கு வர வேண்டும். அன்று ஏன் ‘ஏலாது’ என்றீர், ஏன் கதவைச் சாத்தினீர் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அல்ல, அவளுக்கு. பயத்திலே சொன்னதென்றால் பயம் என்று சொல்லும். சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இந்தமுறை ‘வா’ என்று சொல்ல நான் படலையில் நிற்பேன்.

சறோஜினி செய்யவேண்டியது எதுவுமில்லை. மன்னி என்று அவளிடம் யாரும் கேட்கக் கூடாது. நானும் கேட்கமாட்டேன்.

என்ன சறோஜினி? எழும்பிச் சொல். ஒலிவாங்கி வேண்டாம், உன் குரல் கேட்கும்.

“எனக்கு ஒண்டுமில்லை எண்டு நீங்கள் ஆர் அண்ணை சொல்ல? கடைசிவரைக்கும் மனிசர் நிண்டுகொண்டு பார்க்கிறதோ? பாய் நான் கொண்டுவருவன்.”

ஆருக்குப் பாய் எண்டு கேட்கினம் சறோஜினி. பின்னாலை விளங்கேல்லையாம்.

“அன்ரனிதாஸ் இருக்கிறதுக்கு.”

சத்தம் போடாதேங்கோ. கைதட்ட வேண்டாம், படம் இன்னும் முடியவில்லை. விளக்கடியில் நிற்கிறவரே, கேட்டதுதானே? சரி.

ஜெகதீஸ், எழுதிக்கொள்ளும். ஒலிவாங்கிக்குத் தலைவர். கருவிக்கு நீர். கம்பத்துக்குப் பிள்ளைகள். படலைக்கு முதலில் அன்ரனிதாஸ். பாய்க்குச் சறோஜினிதேவி.